கூப்பிட்டால் திரும்பாதவர்

"பழனியாண்டி ஐயா... ஐயா... உங்களைத்தாங்க!"

விசா ஏஜென்ட் விஜயபாஸ்கர் மூன்றாவது முறை குரல் கொடுத்த பிறகுதான் அப்பா திரும்பினார். வனிதாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். வீட்டுலயும் இப்படித்தான். நாலு தடவை கூப்பிடணும்."

"காது எதுக்கு சிஸ்டர், கையெழுத்துப் போடக் கை இருந்தாப் போதும்." விஜயபாஸ்கர் சிரித்தபடி முத்திரைத்தாளை அப்பா பக்கம் நகர்த்தினார்.

பந்தலூர் கடைவீதியில் ஒரு மாடி அறை. மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வனிதாவுக்கு நியூசிலாந்தில் நர்ஸ் வேலை. புருஷன் கமலேஷும் கூடப் போகிறான். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. செத்துப்போன அக்கா சுகுணாவின் மகள், தாத்தாவிடம் வளரும் மகாலட்சுமியைத் தங்கள் பிள்ளையென்று எழுதிக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பெற்றோரோடு போகும் பிள்ளைக்குத் தற்காலிக விசா தருகிறார்கள். அவர்களுக்கு வேலை இருக்கும்வரை அங்கேயே படிக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையாக இருக்கவேண்டும். இல்லையென்றால் கோர்ட்டில் முறைப்படி தத்து எடுத்திருக்க வேண்டும்.

"கோர்ட்டுக்குப் போனா ஒரு வருஷம் இழுக்கும்," என்றார் விஜயபாஸ்கர். "ஐயா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. 'இது என் மக வனிதா பெத்த பிள்ளை, எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்துச்சு, அப்ப பதியல.' அவ்வளவுதான். ஆதார்ல மகாலட்சுமி, அம்மா சுகுணான்னு இருக்கறதால அந்தப் பேரு வேணாம். புதுப் பேரு ஆதிரா."

"பிள்ளைக்கு அந்தப் பேரு தெரியாதுங்களே," என்றார் அப்பா.

"பழகிரும்ங்க. இப்பப் பாருங்க." விஜயபாஸ்கர் எட்டிப் பார்த்தார். வராந்தாவில் மகா குடையை விரித்து மடக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "ஆதிரா! ஆதிரா பாப்பா!"

குடை விரிந்தது, மடங்கியது. அவள் திரும்பவில்லை.

"பத்து நாள்ல பழகிரும்."

"பழகாதுங்க," என்றார் அப்பா.

வனிதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் எழுதுவதில் அவளுக்கும் உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. அதை வெளியாள் முன்னால் அப்பா கிளறுவது அதைவிடக் கூசியது.

"வேற என்னப்பா பண்ணச் சொல்றீங்க? ரிட்டயர்டு ஆயி ஆறு மாசமாச்சு. லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. பொட்டப்பிள்ளையை வச்சுக்கிட்டு எங்க போய் நிப்பீங்க?"

"நடுவட்டத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். தோட்டத்துல தினக்கூலிக்குக் கைக்காசு வேலையும் தர்றேன்னாங்க. நீ கோர்ட்டுலயே போடு. ஒரு வருசந்தான? நான் பாத்துக்கறேன்."

"இருமி இருமி ராத்திரி நீங்க தூங்கறதே இல்ல. நீங்க பாத்துப்பீங்களா?"

அப்பா ஈரம் சொட்டும் ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரை மாத்தறதுல என்னப்பா இருக்கு? அவ நல்லாத்தான இருக்கப் போறா? உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்!"

சொன்ன பிறகு வனிதாவுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அப்பா மெல்லப் பேனாவை எடுத்தார். முப்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவர். ஒவ்வொரு எழுத்தையும் களைக்கொத்தால் கொத்துகிற மாதிரி அழுத்தித்தான் எழுதுவார். விஜயபாஸ்கர் மூச்சு விட்டார். வனிதாவும்தான்.

எழுதி முடித்துத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். வனிதா படித்தாள்.

மாயழகு.

"ஐயோ, முத்திரைத்தாளே பாழாப் போச்சு! என்னப்பா இது, யாரு மாயழகு?"

"நாந்தான்."

விஜயபாஸ்கர் தாளை எட்டிப் பார்த்தார்.

"கண்டிச் சீமையில, அதான் சிலோன்ல, எங்க லயத்துல பக்கத்துக் காம்பரா வீட்டுல பழனியாண்டின்னு ஒரு பய இருந்தான். அவனுக்கும் எட்டு வயசு, எனக்கும் எட்டு. அவங்க குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறப் பத்து நாள் இருக்கையில காய்ச்சல்ல போயிட்டான். அவங்க பாஸ்போட்டுல அவன் பேரு அப்படியே இருந்துச்சு. எங்க ஊட்டுல சோத்துக்கு வழியில்ல. அப்பா வவுனியாப் பக்கம் கூலிக்குப் போயிருந்தாரு. இவனாச்சும் பொழைக்கட்டும்னு எங்கம்மா என்னை அவங்களோட அனுப்பிருச்சு. பழனியாண்டின்னு கூப்பிட்டாத்தான் திரும்பணும், பழைய பேருக்குத் திரும்புனா போலீசு எல்லாரையும் புடிச்சுக்கிட்டுப் போயிரும்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க."

வனிதா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வருஷமாகத் தன் பேருக்கு முன்னால் போட்டுவந்த 'ப' ஒரு செத்த பையனுடையது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எனக்குக் காது நல்லாத்தாம்மா கேக்குது. இங்க வந்து மூணு வருசம் கழிச்சு எங்கப்பா எப்படியோ விசாரிச்சு லயத்துக்கே வந்துட்டாரு. அப்படி ஒரு பயலே இல்லைன்னுட்டாங்க, என்னை வளத்தவங்க. நான் தேயிலைக்குள்ள குனிஞ்சிருந்தேன். அவரு ரோட்டுல நின்னு, 'மாயழகு, மாயழகு'ன்னு நாலு தடவை கூப்பிட்டாரு, வனிதா."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் திரும்பல."