பசித்த மகள்

கதையில் வரும் மகளுக்குப் பசித்ததும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்று நினைத்தபடியே ஜெசிந்தா வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

மாணவிகள் ஒளிக்காமல் சொல்லும் கருத்தைக் கேட்டு, பள்ளிப் புத்தகங்கள் இரவோடு இரவாகத் தங்களைத் திருத்திக்கொள்ளும். போன வாரக் கதையில் செத்துப்போன நாய் மறுநாளே பிழைத்துவிட்டது. இன்றைய கதையில் ஒரு தாய் இறக்கிறாள்.

"ஒரே அழுகாச்சியா இருக்கு டீச்சர். அம்மாவப் பொழைக்க வச்சிரலாம்," என்றாள் பேச்சி. ஜெசிந்தாவைத் தவிர வகுப்பே கை தூக்கியது.

நோன்பிருக்கும் தவக்காலத்தில் தன் அம்மா இறந்தபோது ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை, பசித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கதையில் வரும் மகளும், அம்மாவின் உடல் கூடத்தில் கிடக்கையில், அடுக்களைக்குப் போய் ஆறிப்போன சோற்றை அள்ளித் தின்கிறாள். தன்னைப் போல் இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று அதைப் படித்த பிறகுதான் ஜெசிந்தா மூச்சு விட்டாள். அம்மா பிழைத்துவிட்டால் பசித்த அந்த மகள் கதையில் இருக்க மாட்டாள்.

"நீ ஒருத்திதாம்மா பாக்கி," என்றார் டீச்சர். "பிடிக்கலன்னு சொல்லிரு. நீ சொல்லாட்டியும் மாறத்தான் போகுது."

பேச்சி முழங்கையால் இடித்தாள். "ஏட்டி, சொல்லேன். அவ அம்மா பொழைச்சா ஒனக்கு என்ன வந்துச்சு?"

ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"பிடிக்கலன்னு நான் சொல்ல மாட்டேன் டீச்சர்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.