ஓரத்துப் புடவை

“எம் புடவையை எதுக்கு ஓரத்துல வச்சுத் தச்சே, மேரி?”

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் சியாமளா. கையில் சுருட்டிய கோதடிப் போர்வை. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த செல்வமேரியின் கால் நின்றுபோனது.

“உக்காருங்கக்கா. சாய் போடறேன்.”

“சாய் குடிக்க நான் வரலை.”

புனே பக்கத்துத் தேஹு ரோட்டில் செல்வமேரியின் கோதடி இல்லாத தமிழ் வீடு குறைவு. ஒரு குடும்பத்தின் பழைய உடுப்புகளையெல்லாம் வெட்டி, ஒட்டுப்போட்டு, மெத்தென்று ஒரே போர்வையாகத் தைத்துக் கொடுப்பாள். அதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவர்களின் துணி நடுவில். போய்ச் சேர்ந்தவர்களின் துணி நாலு ஓரத்திலும். ‘போனவங்க சுத்தி நின்னு காவல் காப்பாங்க’ என்பாள். அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மகள் பார்கவிக்காகக் கோதடி தைக்கச் சொன்னது சியாமளாவின் கணவர் பாஸ்கர். துணிகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவரேதான். இன்று காலை அது வீட்டுக்கு வந்தது. ஆசை ஆசையாகப் பிரித்தவள் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய மாம்பழக் கலர்ப் புடவை. ஓரத்தில் இருந்தது. அதை ஒட்டி, மாமனார் சாகும்வரை போட்டிருந்த டெப்போ யூனிஃபார்மின் நீலம். அதற்கு மேல் பார்க்கத் தைரியமில்லை. அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

“கை தவறிப் போச்சா மேரி? அதையாவது சொல்லு.”

“இல்லக்கா.”

“அப்ப அவர் சொல்லித்தான் வச்சியா?”

செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

போன மாதம்தான் மார்பிலிருந்த கட்டியில் துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் வாங்கப் பிம்ப்ரி ஆஸ்பத்திரிக்குப் பாஸ்கர் மட்டும் போனார். வந்து, “ஒண்ணுமில்ல, சாதாக் கட்டிதான்” என்றார். ஒன்றுமில்லை என்று சொன்ன மனிதர் மறுபடி மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகவேண்டும்? தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு எதற்குச் சுவரைப் பார்க்கவேண்டும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு நாளைத் தள்ளியவள் அவள். இப்போது அந்தப் பேய் கையிலேயே இருந்தது.

“எனக்குக் கேன்சர்தானே? எங்கிட்ட மறைச்சிட்டு உங்கிட்ட சொல்லியிருக்காரு.”

“ஐயோ மாதாவே! வாயால அப்படிச் சொல்லாதீங்கக்கா.”

“எத்தனை நாள்னு சொன்னாரு?”

“என்னைக் கேக்காதீங்க. அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு.”

சத்தியமா? சியாமளா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பார்கவி போகிற தேசத்தில் குளிருமாம். அங்கே அந்தப் பெண் தினம் இதை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கும். அம்மா எந்த வரிசையில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே படுக்கும். அதை நினைத்ததும் அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது.

“நான் இன்னும் சாகலை மேரி. செத்தவங்களோட என்னைக் கொண்டுபோய் நிறுத்த நீங்க ரெண்டு பேரும் யாரு?”

மெஷின்மேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்தாள். மாம்பழக் கலருக்கும் நீலத்துக்கும் நடுவே ஓடிய தையலில் முனையைக் கொடுத்தாள்.

“வேணாம்க்கா!” செல்வமேரி பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். “அந்த ஜோடியைப் பிரிச்சிடாதீங்க. புருஷன் பொண்டாட்டி துணியை எந்தக் கோதடியிலயும் நான் தள்ளி வச்சதே இல்லை.”

“என்ன ஜோடி? இது எங்க மாமாவோட யூனிஃபார்ம்!”

செல்வமேரி கோதடியை வாங்கித் தரையில் முழுசாக விரித்தாள். எதிர் ஓரத்தில், மாமியாரின் சுங்குடிச் சேலையை ஒட்டி, சாயம் போன இன்னொரு நீலத் துண்டு இருந்தது. அப்பா போனபிறகு அதே டெப்போவில் சேர்ந்து, அதே நீலத்தை இன்றுவரை போட்டுக்கொண்டு போகிறவர் பாஸ்கர்.

“உங்க மாமா அங்க இருக்காருக்கா” என்றாள் செல்வமேரி. “உங்களுக்கு ஒண்ணுமில்லைங்கறது நிஜம். அண்ணன்தான், ‘எஞ்சட்டையை ஓரத்துல வச்சிடு மேரி, பார்கவி படிச்சு முடிச்சு வர்றப்ப நான் இருக்கமாட்டேன்’னு சொல்லிட்டுப் போனாரு. அவரை மட்டும் அங்க தனியா வைக்க எனக்குக் கை வரலை.”