சிவப்புப் புள்ளி

"இதாலை நாங்கள் பாக்கேக்கை, அங்காலை பதுங்கி இருக்கிற கண்ணுக்கு எங்களைத் தெரியுமோ தம்பி?"

சுஜீத் கையிலிருந்த ஸ்கோப்பை மேசைமேல் வைத்தான். துப்பாக்கிக்கு மேலே பூட்டி இருட்டில் பார்க்கிற டிஜிட்டல் ஸ்கோப் அது. லண்டன் வால்தம்ஸ்டோவிலுள்ள அந்த வேட்டைச் சாமான் கடையில் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. எவ்வளவு தூரம் தெரியும், மழை தாங்குமா என்று கேட்காதவர் இல்லை. எதிர்ப்பக்கத்துக்காகப் பேசிய வாடிக்கையாளரை இன்றுதான் பார்க்கிறான்.

கேட்டவர் பெயர் கிளறிற்றா. அறுபதைத் தாண்டியவர். தமிழ் முகம் என்று கண்டதும் முதலாளி அவரை சுஜீத்தின் தலையில் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த அம்மாவோ கதிரையைக் காட்டினாலும் உட்காரவில்லை. நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்ப்பதும், கதவுக்கு வெளியே வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார். டிசம்பர் மாதம். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

துப்பாக்கி இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்கிற வகையும் உண்டு, ஆனால் வியாழக்கிழமைதான் கடைக்கு வரும் என்று சுஜீத் சொல்லிப் பார்த்தான்.

"வியாழன் மட்டும் பொறுக்க ஏலாது. இண்டைக்கு இருட்ட முதல் வேணும்."

என்ன மிருகம், நரியோ என்று கேட்டான். நரி இல்லையாம். துப்பாக்கி என்ன வகை என்று கேட்டதற்கு, அந்தக் கதையை விடும் என்று வாயை அடைத்துவிட்டார்.

மான்தான் என்று சுஜீத் முடிவு கட்டினான். வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் எப்பிங் காடு என்று அவரே சொல்லியிருந்தார். காட்டு மானும் நம்மாட்களின் கறித்தூளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கையில் அவனுக்கே வாயூறியது. ஆனால் திருட்டு வேட்டைக்குக் கம்பி எண்ண வேண்டும். ஸ்கோப் வாங்க லைசென்ஸ் தேவையில்லை. அதனால்தான் ஆளைப் பார்த்து விற்கச் சொல்லியிருந்தார் முதலாளி. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் இல்லை என்று அனுப்பிவிட வேண்டும். ஏதாவது நடந்து விட்டால் முதலில் வேலை போவது சுஜீத்துக்குத்தான்.

"போன கிழமை நாலு பேர் பெரிய ரோர்ச்சுகளோடை தேடினவை," என்றார் கிளறிற்றா. "பிடிபடேல்லை. வெளிச்சம் பட்டா உள்ளுக்கை உள்ளுக்கை ஓட்டம்தான்."

சுஜீத் இன்னொரு ஸ்கோப்பையும் எடுத்து மேசையில் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை அனுப்பித்தான் இரண்டும் இருட்டில் பார்க்கின்றன. முதலாவது முந்நூறு மீற்றர் வரை பளிச்சென்று காட்டும். ஆனால் அதன் விளக்கில் மெல்லிய சிவப்புத் தெரியும். இரண்டாவதில் அதுவும் தெரியாது. ஆனால் நூறு மீற்றரோடு சரி.

அவர் அந்தப் பேச்சை நம்பவில்லை. பின்னாலிருந்த சாமான் அறையின் லைற்றை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே உள்ளே போய்ப் பெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டார். கதவடியில் நின்று முதலாவது ஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினான் சுஜீத். சின்னத் திரையில் சாம்பல் நிற முகம் ஒன்று பயந்த கண்களோடு அவனையே பார்த்தது.

"சிவப்பா ஒரு புள்ளி தெரியுது. இது சரிவராது."

இரண்டாவதைத் திருப்பினான்.

"எனக்கு நேரை பிடிச்சிருக்கிறீரோ?"

"உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன் அன்ரி."

"ஒண்டும் தெரியேல்லை. இதைத் தாரும்."

வெளியே வந்தவர் அவசரமாகக் கைப்பையைத் திறந்தார். விலையைக்கூடக் கேட்கவில்லை. நூறு மீற்றர் போதுமா, எவ்வளவு பெரிய மிருகம் என்று சுஜீத் கடைசியாக ஒருதரம் கேட்டான். கிளறிற்றா யோசியாமல் கையைத் தூக்கித் தன் தலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் பிடித்தார்.

அந்த உயரத்தில் எழுந்து நிற்கிற மிருகம் ஒன்றே ஒன்றுதான் சுஜீத்துக்குத் தெரியும். மான்கறி ஆசை பறந்தே போய்விட்டது. நாலு பேராய்த் தேடியிருக்கிறார்கள், பிடிபடவில்லை. இன்றைக்கு இந்த அம்மா தனியாகப் போகப் போகிறார். ஸ்கோப்பை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. இதை உங்களுக்கு விக்க ஏலாது."

"ஏன்?"

"ஆளைச் சுடுறதுக்கு நான் சாமான் தர மாட்டன்."

கிளறிற்றா அவனையே பார்த்தார். பிறகு அந்தக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சுடுறதோ? என்ரை மனுசன் தம்பி அது. மறதி வருத்தம். பொழுதுபட்டா அவருக்கு இது லண்டன் இல்லை, தொண்ணூறாம் ஆண்டு மன்னார். வேலியைத் தாண்டிக் காட்டுக்குள்ளை ஓடிடுவார். ஆர் ரோர்ச்சோடை தேடிப் போனாலும் ஆமி சுட வாறான் எண்டு பத்தைக்குள்ளை ஒளிச்சிடுறார். வெளிச்சமில்லாமல் கிட்டப் போய்க் கையைப் பிடிச்சா மட்டும், 'கிளறி, நீயும் தப்பிட்டியோ' எண்டு கேட்டுக்கொண்டு என்னோடை வந்திடுவார்."