சூடு ஆறும்வரை

"இன்னும் எவ்வளவு நேரம்ணே?"

எத்தனையாவது தடவை கேட்கிறோம் என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. பதில் மட்டும் மாறவில்லை.

"ஆறணும் சார்."

அன்றைக்கு அவர் முழித்த முகமே சரியில்லை. பழைய பாட்டில்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் ஆலை அது. மாற்று ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவரும் வேன் வழியில் படுத்துவிட்டது. ராத்திரி ஷிஃப்ட் பெண்களையே வீட்டுக்கு விடாமல் நிறுத்திவைத்தார். அப்பாடா என்று உட்காரும்போது, பாட்டில்களோடு வந்த ஓர் இரும்புத் துண்டு கன்வேயர் பெல்ட்டைக் கிழித்துத் தொலைத்தது.

கிழிசலை ஒட்ட வந்தவருக்கு அங்கே 'பிளாஸ்திரி' என்று பெயர். கெட்டிக்காரர்தான். ஆனால் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன்.

கிழிந்த இடத்தில் புது ரப்பரை வைத்து, மேலும் கீழும் சூட்டுத் தகடு போட்டு இறுக்கி, வேகவைத்து, கரண்ட்டையும் அணைத்தாகிவிட்டது. தகடு ஆறுவதற்குள் பிரித்தால் ஒட்டு விட்டுப்போகுமாம். சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், சாவகாசமாகக் காது குடைந்துகொண்டிருந்தார். பார்க்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

முதலாளி வேறு போன்மேல் போன். மத்தியானத்துக்குள் பெல்ட் ஓடாவிட்டால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த வயதில் எங்கே போய் வேலை தேடுவது?

ஃபேன் வைத்து ஆற்றலாமா என்று கேட்டார். கூடாது. ஈரத்துணி? கூடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் லேசாகத் திறந்து பார்க்கலாமா என்றதற்கு, சத்தம் போடாதீர்கள் என்று மட்டும் பதில் வந்தது.

"நான் சத்தம் போடறதுதான் பிரச்சினையா? என் பொழைப்பு போயிடும்ணே. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

பிளாஸ்திரி அடுத்த காதுக்கு மாறினார்.

மறுபடி முதலாளியின் போன். இனி பொறுக்க முடியாது. போனைக் காதில் வைத்தபடியே, தானே பிரித்துவிடுவதென்று சூப்பர்வைசர் போல்ட்டுக்குக் கையை நீட்டினார். கை தகட்டில் பட்டது.

சில்லென்று இருந்தது. அது எப்போதோ ஆறிவிட்டது.

நல்லா நாலு கேட்கலாம் என்று திரும்பினார். பிளாஸ்திரி பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அங்கே சாக்குகளின்மேல், அந்த ராத்திரி ஷிஃப்ட் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பெல்ட் ஓட ஆரம்பித்தால் அத்தனை பேரும் எழுந்து நின்றாக வேண்டும்.

"என்னய்யா, ஆறிடுச்சா இல்லையா?" என்று போனில் முதலாளி கத்தினார்.

சூப்பர்வைசர் தகட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லீங்க சார். கொதிக்குது. கையே வைக்க முடியல."