இடுப்பளவு தோரணம்

"தோரணத்தை மேலதானே கட்டுவாங்க? இதென்ன கூத்து, இடுப்பு உயரத்துல?"

வருஷக் கடைசி லீவுக்குப் பிறந்த வீடு வந்த அக்கா, பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி மனைவி தையல்காரி. வெட்டி மிஞ்சிய துணிகளை ஜடை மாதிரி பின்னி, நடுநடுவே பட்டன் கோத்து, ஹாலில் தொடங்கி நடை வழியாகக் குளியலறை வரைக்கும் சுவரோடு சுவராக இழுத்துக் கட்டியிருந்தாள். சமையலறை வாசல் வந்தால் பெரிய பெரிய பட்டன். குளியலறை வாசல் வந்தால் ஒரு கம்பளி உருண்டை.

"நல்லா இல்லையா அண்ணி?"

"துணி காயப் போடற கொடி மாதிரி இருக்கு. ஈரத் துண்டு ஒண்ணுதான் பாக்கி."

தம்பி சிரித்தான். மனைவி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, அக்காவின் பெட்டியோடு உள்ளே நழுவினான். இந்த மாதிரி நேரத்தில் பெட்டி தூக்குவதைவிட நிம்மதியான வேலை ஆண்பிள்ளைக்கு வேறு கிடையாது.

நாற்காலியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "வந்துட்டியாம்மா? என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே?"

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. போன வருஷம் தைத்த எதிலும் அவள் இப்போது நுழைய முடியாது என்பது வேறு விஷயம்.

"பார்த்தியா, அப்பா ஒருத்தருக்குத்தான் என் மேல அக்கறை," என்றவள் நாத்தனார் குரலுக்கு மாறினாள். "இங்க பாரும்மா, நாளைக்கு என் மாமியாரும் மாமனாரும் சாப்பிட வராங்க. அவங்க முன்னால என் மானத்தை வாங்கிடாதே. கடையிலேர்ந்து ஜிகினாத் தோரணம் கொண்டு வந்திருக்கேன். இதைக் கழட்டிட்டு அதைக் கட்டிடலாம்."

"அதையும் கட்டுங்க அண்ணி. எவ்வளவு மேல வேணும்னாலும் கட்டுங்க. இதைக் கழட்ட வேண்டாம்."

"ஏன்?"

"கையால செஞ்சது."

"கையால செஞ்சா கண்ணுக்கு அழகா இருக்கக் கூடாதா?"

"கழட்ட மாட்டேன் அண்ணி."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்கு மேல் அவளிடம் பேச்சு வைத்துக்கொள்ள முடியவில்லை.

அக்கா அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். "கிழிசல் துணிக்கு இவ்வளவு வீம்பு பிடிக்கிறவ, உங்களை எந்த லட்சணத்துல பார்த்துக்கறாளோ! அப்பா, உடம்புக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்கிட்ட சொல்லிடுங்க. மறுநாளே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"எனக்கென்னம்மா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உங்கம்மா வாழ்ந்த வீட்டை விட்டு நான் எங்க வரப் போறேன்?"

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. தையல்காரி உள்ளே போனாள். அக்கா அதற்குத்தான் காத்திருந்தாள். மாமியார் முன்னால் தலைகுனிய அவளும் தயாராக இல்லை.

தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். நடையில், குளியலறைக்குப் போகும் பக்கம் இருந்த தோரணத்தை நறுக்கென்று வெட்டி, சுருட்டி மூலையில் போட்டாள். ஸ்டூல் மேல் ஏறி, எதிர்ச் சுவரின் உச்சியில் ஜிகினாவை ஒட்டினாள். தகதகவென்று மின்னியது.

"இதுக்குப் பேர்தான் அலங்காரம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா எழுந்து நடைப் பக்கம் வந்தார். ஒரு கை தோரணத்தின் மேல் இருந்தது. தடுமாற்றம் இல்லாத, வேகமான நடை. சமையலறை வாசலின் பெரிய பட்டன்களைத் தடவிக்கொண்டே தாண்டி வந்தார். வெட்டிய இடத்தில் அவர் விரல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. நின்றார். சுவரில் துழாவினார். ஒரு காலை முன்னால் வைத்து, பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா, அங்கேயே நின்னுட்டீங்க?"

அப்பா சட்டென்று கையைக் கீழே போட்டார். சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைம்மா. உன் அலங்காரத்தைத்தான் பார்த்துட்டு நிக்கறேன். ரொம்ப அழகா இருக்கு."

வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஜிகினா அவர் முதுகுக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்தது.

அக்கா ஜிகினாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து ஓடி வந்த தையல்காரி, உதட்டில் விரலை வைத்து, அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளா சுத்தமாப் பார்வை இல்லை அண்ணி," என்று கிசுகிசுத்தாள். "இனிமே திரும்பாதுன்னு டாக்டரும் சொல்லிட்டார். உங்களுக்குத் தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் மாமா சத்தியம் வாங்கிட்டார். யார் கையையும் பிடிக்காம நடக்கணும்னு அவருக்கு ஒரு வைராக்கியம். வெறும் கயிறு கட்டினா வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நல்லவேளை, லீவு வந்துச்சு. புது வருஷ அலங்காரம்னு சொல்லிட்டேன்."

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன அவள் விரல்களை அக்கா எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"பெத்த பொண்ணு எனக்குத் தோணலையே... உனக்கு எப்படிம்மா நன்றி சொல்லுவேன்?"

தையல்காரி ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் கிடந்த துணிப் பின்னலை எடுத்து உதறினாள். அப்பா இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"நல்லாப் பார்த்துட்டே இருங்கப்பா! இந்தப் பக்கம் கொஞ்சம் அவிழ்ந்திருக்கு. இதோ, கட்டிடறேன்."