செவ்வந்தி உள்ளே போயாச்சு

வெள்ளத்துக்குப் பயந்து விலங்குகள் குகைக்குள் ஒதுங்கின. வாசலில் முள்ளம்பன்றி காவல். போன மழையில் ஒரு பெருச்சாளி இரண்டு தடவை நுழைந்து இரண்டு பங்கு கிழங்கு தின்றுவிட்டது. அதனால் இந்த முறை ஒரு பெயருக்கு ஒரு தடவைதான் வழி.

குட்டிகளை முன்னால் அனுப்பிவிட்ட முயல், கடைசியாக நனைந்துகொண்டு வந்தது.

"பேரு?"

"செவ்வந்தி."

முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்தது. "செவ்வந்தி அப்பவே உள்ளே போயாச்சு. யாரை ஏமாத்தப் பாக்கறே?"

"நான்தாங்க செவ்வந்தி. என் காதைப் பாருங்க."

"காதெல்லாம் நான் பாக்கறதில்ல. பேரு மட்டும்தான்."

முயல் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தது. "அப்போ உள்ளே போனது யாரு?"

"முகத்தைப் பாக்கலை. போறப்ப அதோட வால் என் மேல பட்டுது, நல்ல நீளம். 'என் குட்டிங்க எங்கே'ன்னுதான் முதல்ல கேட்டுச்சு."