தாள் சுற்றாத மிட்டாய்

"வேண்டாம் ஜோசப்பு. பல்லு வலிக்குது" என்றாள் நாராயணம்மா.

சொன்ன வாயில் வறுத்த வேர்க்கடலை நறநறவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறியதிலிருந்து சூளகிரி வரைக்கும் அந்தப் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை. அருள்ஜோசப் மிட்டாய் டப்பாவை நீட்டியதும் வலி வந்துவிட்டது.

டப்பாவைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்தினார். திம்மப்பன் வலிய இருமிக் காட்டினான். பின்சீட்டு ஆளுக்கு விரதமாம். காலை எட்டு மணிக்கு, வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு விரதம்!

திங்கட்கிழமைதோறும் இதே ஓசூர் பஸ், இதே ஆட்கள்.

மிட்டாய்ப் பைத்தியம் அருள்ஜோசப்புக்குப் பட்டாளத்தில் பிடித்தது. எகிப்துப் பாலைவனத்தில் லாரி ஓட்டப் போன இடத்தில், ரேஷன் பெட்டியில் வந்த எலுமிச்சை மிட்டாயில் ஆரம்பித்தது. உலகச் சண்டை முடிந்து எட்டு வருஷமாகியும் விடவில்லை. யார் எந்த ஊருக்குப் போனாலும் மிட்டாய் வாங்கி வரச் சொல்வார். தனியாக மட்டும் தின்னமாட்டார். தனியாகத் தின்றால் ருசி பாதிதான் என்பது அவர் கட்சி.

பஸ்ஸில் அதை ஒரு ஆட்டமாகவே ஆக்கி வைத்திருந்தார். அவர் கொடுப்பார். வாயில் போட்டுக்கொண்டு எந்த ஊர் மிட்டாய் என்று சொல்ல வேண்டும். கடிக்கக் கூடாது. போன வாரம் இதே நாராயணம்மா இரண்டு வாங்கிக்கொண்டு, பேத்திக்கு என்று மூன்றாவதும் கேட்டாள்.

போன வாரம் மிட்டாயில் தாள் சுற்றியிருந்தது.

இன்றைக்கு இல்லை. மிட்டாயை அவர் விரல் தொட்டிருக்கும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

அருள்ஜோசப்புக்குக் காது மடல் வரை சூடேறியது. என்னை வேண்டாம் என்றால் போய்த் தொலையட்டும், இந்த மிட்டாயையா வேண்டாம் என்கிறார்கள்? முதலில் இனிப்பு. அது கரையக் கரைய நாக்கின் ஓரத்தில் மாங்காய்ப் புளிப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது தொண்டையில் சுக்கு. இத்தனை வருஷமாக அவர் சப்பிய மிட்டாய்களில் இதற்கு ஈடாக ஒன்று கிடையாது. யாராவது ஒருவர் வாயில் போட்டு "அட!" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக நேற்றிலிருந்து தவித்துக் கிடக்கிறார்.

பாலைவனத்தில் ஒரே டப்பாவுக்குள் ஏழு பேர் கையை விட்டுத் தின்றார்கள். அங்கே ஒருவனுக்கும் பல் வலிக்கவில்லை.

சரி, தாள்தானே வேண்டும்?

பைக்குள்ளிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் மிட்டாய்த் தாள்கள். நகத்தால் நீவி, மடிப்பு எடுத்து, வருஷக்கணக்காகச் சேர்த்தவை. முதலில் கைக்கு வந்தது எகிப்திலிருந்து கொண்டுவந்த பச்சைத் தாள். அதைத் தொட்டபோது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஆனாலும் எடுத்தார்.

எல்லோரும் பார்க்கும்படி, ஒரு மிட்டாயை விரலால் எடுத்து, தாளில் வைத்து, உருட்டி, இரண்டு பக்கமும் முறுக்கினார். அடுத்தது. அதற்கடுத்தது. எதையும் மறைக்கவில்லை. நன்றாகப் பாருங்கள் என்பதுபோல டப்பாவை மடிமேல் வைத்துக்கொண்டு சுற்றினார். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பிறகு மறுபடியும் நீட்டினார். வெட்கப்பட்டுத் தலை குனிவார்கள் என்றுதான் நினைத்தார்.

நாராயணம்மா முறுக்கிய நுனியை இரண்டு விரலால் பிடித்து எடுத்துக்கொண்டாள். திம்மப்பன் எடுத்தான். இருமல் போன இடம் தெரியவில்லை. பின்சீட்டு விரதம் வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டுக் கையை நீட்டியது.

இவர்களுக்குக் கண் இருக்கிறதா இல்லையா?

"அட!" என்றான் திம்மப்பன்.

கேட்க ஏங்கிய வார்த்தை வந்தேவிட்டது. வந்தும் அவருக்கு அது இனிக்கவில்லை.

"பாக உந்தி! நல்லாருக்கு! பெங்களூரு, கண்டோன்மென்ட் பக்கத்துச் சரக்கு. பந்தயம் கட்டறேன்" என்று திம்மப்பனே ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தான்.

"பெங்களூரா? உனக்கு என்ன தெரியும்? கப்பல்ல வந்தது. தாளைப் பாரு" என்று பச்சைத் தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள் நாராயணம்மா. அவர் சுற்றியதை முதல் சீட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவள் அவள்தான். "நீயே சொல்லு ஜோசப்பு. எந்த ஊரு?"

அருள்ஜோசப் டப்பாவை மூடினார்.

"எங்க சேரிங்கம்மா. வேப்பனப்பள்ளி மாங்கா. எங்கூட்டு அடுப்புல, எங்கூட்டுச் சட்டியில, நேத்து நானே காய்ச்சுனது."

உப்பிய கன்னங்கள் உப்பியபடியே நின்றன. நாராயணம்மா ஜன்னலைப் பார்த்தாள். கண்டக்டரைப் பார்த்தாள். வாயில் இருப்பதைத் துப்பவும் இல்லை, நாக்கை அசைக்கவும் இல்லை.

"கடிச்சிராதீங்க" என்றார் அருள்ஜோசப். "சுக்கு கடைசியிலதான் வரும்."